பெயர் வெட்டிய தட்டு

பீடிக்கடையில் இலையை நிறுத்து வாங்குவேன்
தூளை நிறுத்து வாங்குவேன்
சுற்றிக் கொண்டுபோனால்
கணக்கப்பிள்ளை கட்டுக் கட்டாய் உருட்டிப் பார்த்து
ஆகாததை ஒடித்துப் போடுவார்
பாஸ் புத்தகத்தில் ‘கழிவு’ என்று எழுதுவார்.
பதினெட்டு வருசமாய்
நிறுக்காதது என்னை மட்டும்தான்.

எண்பத்து நாலு என்றார் ஜெபராணி சிஸ்டர்.
ஊசி போட வந்த கடைக்குட்டி
அழுது ஓய்ந்து என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான்.
“எம்மா முப்புடாதி, அவன இறக்கிட்டு ஏறு.”
எழுபத்து மூணு.
அதுவும் கூடுதல்தானாம்.
சுகர் வாசப்படியில் நிற்கிறதாம்,
உள்ளே கூப்பிடாதே என்றார்.

நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார்.
என்ன பொங்கினேன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
காலையில்
சுடலைக்கண்ணு வைத்துவிட்டுப் போன அரை இட்லி
மதிவதனி பிய்த்துப் போட்ட தோசை ஓரம்
மாமனார் குடித்த கஞ்சியில் அடிச் சோறு
மத்தியானம் சட்டியில் ஒட்டிய புளிக்குழம்பை
சோறு போட்டுத் துடைத்தது
நாலு மணிக்குக் கருப்பட்டிக் காப்பி
கூடவே, நமுத்துப் போகுமே என்று முறுக்கு
ராத்திரி
எல்லாருடையதிலும் கொஞ்சம்.
இதில் எதைச் சாப்பாடு என்பது?

சிஸ்டர் பேனாவை மூடினார்.
“நீ ஒரு நாளாவது உக்காந்து தின்னிருக்கியா?”

உட்காராமல் என்ன.
சொளவை மடியில் வைத்துக்கொண்டு
காலையிலிருந்து உட்கார்ந்துதான் இருக்கிறேன்.
முன்பு சொளவு மடி நிறைய இருக்கும்
இப்போது வயிறு பாதி இடத்தை எடுத்துக்கொண்டு
சொளவு முட்டியில் தொங்குகிறது.

கொடுத்த தாளில்
வெள்ளைச் செருப்புப் போட்ட ஒரு பெண் ஓடினாள்.
ஓட்ஸ் என்று இருந்தது, ஆப்பிள் என்று இருந்தது.
பத்துப் பேருக்கு ஆப்பிள் வாங்கினால்
ஒரு நாள் சுற்று காலி.
நான் கேப்பை என்று வாசித்துக்கொண்டேன்
கொய்யா என்று வாசித்துக்கொண்டேன்
முருங்கை கொல்லையில் சும்மாதான் நிற்கிறது.
விடியுமுன் ஆற்றுப் பாலம்வரை
ரப்பர் செருப்போடு நடந்தேன்.
இரண்டாம் நாள் பேச்சிக்கனி சேர்ந்தாள்
நாலாம் நாள் மழை.
ஐந்தாம் நாள் கொழுந்தனுக்குக் காய்ச்சல்.
பிறகு மறுபடி ஒன்றிலிருந்து.

பாஸ் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன்.
முன்பக்கம் இலை, தூள், கழிவு.
பின்பக்கம்
இட்லி ஓரம், வடைத் துண்டு, அப்பளப் பொடி.
ஒரு வாரம் கழித்துக் கூட்டிப் பார்த்தபோது
இந்த வீட்டின் கழிவெல்லாம்
என் மேல்தான் வரவு வைத்திருந்தது.

வீட்டில் பத்துப் பேர், ஒன்பது தட்டு.
ஒருவரும் திட்டம் போட்டு அப்படி வைக்கவில்லை
நானும் எண்ணிப் பார்த்ததில்லை.
ஒன்பதிலும் ஊரார் பெயர்:
‘பிரம்மசக்தி, ஆலங்குளம்’
‘வே. உலகம்மாள், பாப்பாக்குடி’
கல்யாணத்துக்கு வந்தவர்கள், காதுகுத்துக்கு வந்தவர்கள்.

சனிக்கிழமை சம்பளத்தில்
பாத்திரக்கடைக்குப் போனேன்.
மூன்று குழி வைத்த தட்டு,
சோற்றுக்கு இருப்பதிலேயே சின்னக் குழி.
பெயர் வெட்டும் பையன் மிஷினைத் தட்டிவிட்டு
“யாரு குடுக்கது, யாருக்கு?” என்றான்.
முப்புடாதி என்றேன்.
“வாங்குறவங்க பேரு?”
அதுவும் முப்புடாதிதான்.
அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு
ஒரு தடவைதான் வெட்டினான்.
‘தா’வுக்குக் கால் கொஞ்சம் கோணல்.

நாலு மாசத்தில் மூன்றே கால் கிலோ.
சிஸ்டர் பரவாயில்லை என்றார்.
அவர் ‘அவ்வளவுதானா’ என்று சிரித்தார்,
சிரிக்கட்டும், இப்போது
அவர் வைத்த மிச்சம் அவர் தட்டிலேயே காய்கிறது.
கோழி கொத்துகிறது.

கடைக்குட்டிக்குத்தான் பொறுக்கவில்லை.
அந்தக் குழித்தட்டில்தான் தின்பேன் என்று
நேற்று தரையில் புரண்டான்.
தூக்கிக் கொடுக்கத்தான் கை போனது.
பிறகு
கேப்பைக் களியைப் பிட்டுக் குழம்பில் தொட்டு
மெதுவாக மென்றேன்.
அவன் அழுதான்.
எனக்கு இன்னும் ஒரு குழி மீதி இருந்தது.